பையனா, பொண்ணா: வளர்ப்பில் யார் கணக்கு?

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்துக்குப் பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய முதல் ஏழும் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொது. தலை நிமிர்த்தி ஆடுவதும், தாலாட்டுக்குக் கண் மூடுவதும், கை கொட்டுவதும், முத்தம் தருவதும், தத்தித் தத்தி நடந்து வருவதும், நிலாவை விளையாடக் கூப்பிடுவதும் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றுதான் என்று மரபே ஒத்துக்கொண்டிருக்கிறது. எட்டாவது பருவத்தில்தான் பாதை பிரிகிறது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். (நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் கழங்குக்குப் பதில் நீராடல்.) சிற்றில் பருவத்தில் நடப்பது இதுதான்: சிறுமிகள் மணலில் வீடு கட்டுகிறார்கள், பாட்டுடைத் தலைவனான பொடியன் வந்து காலால் கலைக்கிறான், கலைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். பாட்டில் அது குறும்பு. கண்டிக்க வேண்டிய குற்றமல்ல.

ஆணையும் பெண்ணையும் சேர்த்து வளர்த்த பெற்றோர்களைக் கேட்டால் இந்தப் பத்துப் பருவத்தையே வேறு சொற்களில் சொல்வார்கள். "சின்ன வயசுல பொண்ணு சுலபம், சொன்ன பேச்சுக் கேக்கும். பையன் வீட்டையே ரெண்டாக்கிடுவான். ஆனா பொண்ணு வயசுக்கு வந்துட்டா அப்புறம் நமக்குத் தூக்கம் கிடையாது. பையனைப் பத்தி என்ன, எங்கயோ சுத்திட்டு வந்துடுவான்." மதுரையிலும் இதைக் கேட்கலாம், சென்னை அடுக்குமாடியின் லிஃப்டிலும் கேட்கலாம். சாதி, படிப்பு, சம்பளம் மாறினாலும் இந்தத் தீர்ப்பு அதிகம் மாறுவதில்லை. சமீப காலமாக இதன் வாலில் ஒன்று சேர்ந்திருக்கிறது: "என்ன இருந்தாலும் கடைசியில பார்த்துக்கிறது பொண்ணுதான்."

இந்தத் தீர்ப்பில் எவ்வளவு பிள்ளையைப் பற்றியது, எவ்வளவு பெற்றவர்களைப் பற்றியது? ஐம்பது ஆண்டுகளாக உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் இதைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டதையும் நம் வீடுகளில் நடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: சுலபம், கஷ்டம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பிள்ளையின் குணத்தை அல்ல, நாம் செய்த வேலையின் அளவை. பெண்ணின் மேல் காவல் வேலையை ஏற்றிக்கொண்டு கஷ்டம் என்கிறோம். பையன் விஷயத்தில் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டுச் சுலபம் என்கிறோம்.

முதலில் பிள்ளையிடமே இருக்கும் வேறுபாட்டைச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது இல்லை என்று சாதிப்பவர்களும் உண்டு. பச்சிளம் பருவத்தில் ஆண் குழந்தைதான் பலவீனம். குறைமாதத்தில் பிறந்தால் பிழைப்பதில் பெண் குழந்தை ஒரு படி மேல். சராசரியாகப் பெண் குழந்தைகள் கொஞ்சம் முன்னதாகப் பேசுகிறார்கள். ஆண் குழந்தைகள் கொஞ்சம் அதிகமாக ஓடியாடுகிறார்கள். ஆட்டிசம் இருப்பதாகக் கண்டறியப்படும் ஆண் குழந்தைகள் பெண்களைப் போல மூன்று நான்கு மடங்கு. பூப்புப் பருவம் பெண்களுக்கு ஒன்று இரண்டு ஆண்டுகள் முந்துகிறது. இவை சராசரிகள். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகளை நிறுத்தினால், எல்லாப் பையன்களையும் விட அதிகம் ஆடுகிற ஒரு பெண்ணும், எல்லாப் பெண்களையும் விட அதிகம் பேசுகிற ஒரு பையனும் அதில் இருக்கக்கூடும். அமெரிக்க உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005இல், ஆண் பெண் வேறுபாடு பற்றிய 46 தொகுப்பாய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். அவற்றில் அளக்கப்பட்ட வேறுபாடுகளில் 78 சதவீதம் மிகச் சிறியவை, அல்லது இல்லை என்றே சொல்லத்தக்கவை.

இவ்வளவு சிறிய வேறுபாடு வீட்டில் எப்படி அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதற்கு இரண்டு மூன்று சோதனைகள் பதில் வைத்திருக்கின்றன.

1974இல் ரூபினும் சகாக்களும், தலைப்பிள்ளை பிறந்து இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் முப்பது தம்பதிகளிடம் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். பதினைந்து ஆண், பதினைந்து பெண். எடையிலும் உயரத்திலும் மருத்துவர் பார்த்த மற்ற விஷயங்களிலும் பெரிய வித்தியாசம் இல்லாத குழந்தைகள். பெண் குழந்தையைப் பெற்றவர்கள் மென்மையானவள், நுணுக்கமான முகம், சின்னவள் என்றார்கள். ஆண் குழந்தையைப் பெற்றவர்கள் திடமானவன், உறுதியானவன் என்றார்கள். இப்படிப் பிரித்துப் பார்ப்பதில் அம்மாக்களை அப்பாக்கள் மிஞ்சினார்கள். அந்த அப்பாக்களில் பெரும்பாலோர் குழந்தையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

இரண்டாவது சோதனை எனக்கு இன்னும் பிடித்தது. 2000இல் நியூயார்க்கில் மாண்ட்ஷைன், அடால்ஃப், டாமிஸ்-லெமாண்டா மூவரும் செய்தது. சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஒரு பலகை. பதினொரு மாதம் ஆன, தவழ்கிற குழந்தைகள். ஒவ்வொரு அம்மாவிடமும், "உங்கள் குழந்தை எவ்வளவு சரிவு வரை விழாமல் இறங்கும்?" என்று கேட்டு, அவர் கையாலேயே பலகையைச் சாய்க்கச் சொன்னார்கள். பையன்களின் அம்மாக்கள் அதிகமாகச் சாய்த்தார்கள். பெண்களின் அம்மாக்கள் குறைவாகச் சாய்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதே பலகையில் குழந்தைகளை இறக்கிவிட்டபோது ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி தவழ்ந்தார்கள். பதினொரு மாதமாக அல்லும் பகலும் இடுப்பில் சுமந்த அம்மாவுக்கே தன் மகளின் கால் பலம் தெரியவில்லை, அல்லது மகனின் கால் பலம் கூடுதலாகத் தெரிந்தது. இது ஒரு சரிவுப் பலகை. மாடிப்படி, சைக்கிள், பஸ், வெளியூர்க் கல்லூரி விடுதி என்று அடுத்தடுத்து வரும் பலகைகளிலும் அதே கை இருக்கிறது.

கான்ட்ரி தம்பதியின் 1976ஆம் ஆண்டுச் சோதனையும் இந்த வரிசையில் வரும். பெட்டியிலிருந்து பொம்மை துள்ளி எழுவதைப் பார்த்து அழும் ஒன்பது மாதக் குழந்தையின் படத்தைக் காட்டினார்கள். பையன் என்று சொல்லப்பட்டவர்கள் அது கோபத்தில் அழுகிறது என்றார்கள். பெண் என்று சொல்லப்பட்டவர்கள் பயத்தில் அழுகிறது என்றார்கள். குழந்தை ஒன்றுதான், அழுகையும் ஒன்றுதான். கோபக்காரப் பையனை நாம் விட்டுப் பிடிக்கிறோம். பயந்த பெண்ணைத் தூக்கிக்கொள்கிறோம்.

இங்கே ஒரு முரண்பாடு வரும், அதை ஒளித்தால் கட்டுரை நேர்மையாக இருக்காது. லிட்டன், ராம்னி இருவரும் 1991இல் 172 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பாசம், கண்டிப்பு, பேச்சு என்று ஏறக்குறைய எல்லாவற்றிலும் பெற்றோர் ஆணையும் பெண்ணையும் ஒன்றுபோலத்தான் நடத்துகிறார்கள் என்று முடித்தார்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: ஆணுக்கு ஆண் விளையாட்டையும், பெண்ணுக்குப் பெண் விளையாட்டையும் ஊக்குவிப்பது. 2016இல் எண்டெண்டைக்கும் சகாக்களும், பெற்றோர் சொன்னதை விட்டுவிட்டு, நேரில் பார்த்துப் பதிந்த ஆய்வுகளை மட்டும் எடுத்துத் தொகுத்தார்கள். அங்கேயும் வித்தியாசம் மிகச் சொற்பம். அப்படியானால் பெற்றோர் இவ்வளவு உறுதியாகச் சொல்வதெல்லாம் பொய்யா? இல்லை. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய நடுத்தர வீடுகளில், சின்னக் குழந்தைகளோடு, ஒரு அறைக்குள் நடந்தவை. அடிப்பது, அணைப்பது, அதட்டுவது ஆகியவற்றை எண்ண முடியும். "இருட்டிடுச்சு, எங்க இருக்கே?" என்ற ஃபோன் எத்தனை தடவை யாருக்குப் போகிறது என்பதை அந்த அறைக்குள் வைத்து எண்ண முடியாது.

இந்தியாவில் எண்ணியவர்களுக்கு வேறு விடை கிடைத்தது. பார்செலோஸ், கார்வால்யோ, லெராஸ்-மூனி மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கைக்குழந்தை இருக்கும் இந்தியக் குடும்பங்களில் ஆண் குழந்தைக்குப் பெண்ணை விடச் சுமார் 10 சதவீதம் அதிக நேரம் கிடைப்பது தெரிந்தது. தாய்ப்பால் கொடுக்கும் காலம், தடுப்பூசி, வைட்டமின் மருந்து ஆகியவற்றிலும் பையன் முன்னால் இருந்தான். அவர்களுக்கு முன்பே, 2011இல், சீமா ஜெயச்சந்திரனும் இலியானா குசியெம்கோவும் தாய்ப்பாலின் காரணத்தைத் துருவியிருந்தார்கள். பெண் குழந்தைக்கு ஏன் சீக்கிரம் பால் மறக்கடிக்கிறார்கள்? பால் கொடுத்துக்கொண்டிருக்கும் வரை கருத்தரிப்பது தள்ளிப்போகும். அடுத்தது பையனாகப் பிறக்க வேண்டும் என்று காத்திருக்கும் வீட்டில் சீக்கிரம் நிறுத்தியாக வேண்டும். அந்த அம்மா மகளை வெறுத்தாள் என்று எந்தத் தரவும் சொல்லவில்லை. வெறுப்பு இல்லாமலேயே மகளுக்குப் பால் குறைகிறது.

இதன் கொடிய முனை தமிழ்நாட்டில் எங்கே இருந்தது என்று யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலையை 1986இல் இந்தியா டுடே முகப்புக் கட்டுரையாக வெளியிட்டபோது நாடு அதிர்ந்தது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது: வேண்டாமென்றால் கொல்லாதே, தொட்டிலில் விட்டுப் போ என்று ஓர் அரசாங்கம் பெற்றோரிடம் கேட்டுக்கொண்ட திட்டம். கருவில் பாலினம் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது. ஸ்கேன் மையங்களில் மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகை அதன் விளைவு. 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள். 2011இல் அது 900ஐத் தாண்டியது. மாநில அளவில் 943; இந்திய அளவில் 919. முன்னேற்றம்தான். ஆனால் வயிறு கூம்பியிருந்தால் பையன், பரந்திருந்தால் பொண்ணு என்று வளைகாப்பில் ஆரூடம் சொல்கிறவர்கள் இன்னும் எந்தப் பக்கத்துக்கு ஆசைப்படுகிறார்கள் என்பது குரலிலேயே தெரியும். 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை இதற்கு வேறொரு வழியில் எண் கொடுத்தது. குடும்பங்கள் எந்தப் பிள்ளையோடு நிறுத்திக்கொள்கின்றன என்று பார்த்து, பையனுக்காகக் காத்திருந்த வீடுகளில் பிறந்த பெண்கள் 2.1 கோடி என்று மதிப்பிட்டது. "மூணு பொண்ணு, அப்புறம் பையன்" என்ற வரிசை நம் உறவில் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் போதும், இந்த எண்ணுக்கு முகம் கிடைத்துவிடும்.

இதெல்லாம் பழைய கதை, இப்போது படித்த வீடுகளில் வித்தியாசமே இல்லை என்பார்கள். இருக்கலாம். எங்கள் தெருவில் இரட்டைப் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், பத்தாம் வகுப்பு. ஒரே பள்ளி, ஒரே டியூஷன், ஒரே விலையில் செருப்பு. ஒப்பீட்டுக்கு இதை விட நல்ல வீடு கிடைக்காது. டியூஷன் இரவு எட்டு மணிக்கு விடும். ஏழே முக்காலுக்கு அப்பா பைக்கை எடுப்பார். பெண்ணை ஏற்றிக்கொண்டு எட்டே காலுக்கு வந்துவிடுவார். அதற்குள் அம்மா வாசலுக்கு இரண்டு தடவை வந்து பார்த்திருப்பார். பையன் சைக்கிளில் வருவான். நண்பர்களோடு தள்ளுவண்டியில் காளான் சாப்பிட்டுவிட்டு ஒன்பதுக்கு வருவான், சில நாள் ஒன்பதரை ஆகும். "தம்பி எங்கக்கா?" என்று யாராவது கேட்டால் அந்த அம்மா, "வருவான்" என்பார். அவ்வளவுதான். அவரே என்னிடம் ஒரு நாள், பொண்ணை வளர்க்கிறதுதாங்க பெரும்பாடு, பையனால ஒரு தொந்தரவும் இல்ல என்று சொன்னார். அவர் சொன்னது உண்மை. பெண்ணுக்காகத் தினமும் அரை மணி நேரம், பெட்ரோல், வாசல் நடை, நெஞ்சுப் படபடப்பு. பையனுக்காக ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெரும்பாட்டில் அந்தப் பெண் செய்தது எது? எட்டு மணிக்கு வெளியே வந்து நின்றது மட்டும்தான்.

பெற்றோரைக் குற்றம் சொல்லிவிட்டுப் போவது எளிது. தெரு அப்படி இருக்கிறது. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் பயம் ஒரு பக்கமாகவே பாய்வதுதான் கேள்வி. 2007இல் மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் 53.22 சதவீதத்தினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேல், 52.94 சதவீதம், ஆண் பிள்ளைகள். 2012இல் வந்த போக்சோ சட்டம் பாதிக்கப்பட்ட குழந்தை ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. வீடு பார்க்கிறது. பெண்ணுக்கு "நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" சொல்லித் தரும் அம்மாக்களில் எத்தனை பேர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகனையும் சேர்த்துக்கொள்கிறார்கள்? சாலையை எடுத்துக்கொண்டாலும் அதே கதை. இந்தியச் சாலை விபத்துகளில் சாகிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆண்கள். பதினெட்டு வயது நிரம்பாதவன் வண்டி ஓட்டி விபத்தானால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் பத்தாவது முடித்த பையன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போவதை "பொறுப்பு வந்துடுச்சு" என்று சொல்கிற வீடுகள் குறையவில்லை.

பூப்பு வரும்போது இந்த ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரிகிற விழாவாகிறது. பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றி, பச்சை ஓலை கட்டி, தாய்மாமன் சீர் கொண்டுவந்து, இப்போது மண்டபம், ஃப்ளெக்ஸ் பேனர், டிரோன் கேமரா வரை போயிருக்கிறது. ஒரு சிறுமியின் உடம்பில் நடந்ததை ஊருக்குச் சொல்லும் வழக்கத்தின் மேல் எனக்கு மரியாதை இல்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: அந்தப் பெண்ணுக்கு யாரோ ஒரு அத்தையோ பெரியம்மாவோ உடம்பைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுகிறார்கள். பையனுக்கு அதுவும் கிடையாது. குரல் உடைந்தால் கேலி. மீசை அரும்பினால் கேலி. மற்றதெல்லாம் அவன் ஃபோன் சொல்லித் தரும். கிராமப்புற இளைஞர்களிடம் பிரதம் அமைப்பு நடத்திய ஏசர் 2023 ஆய்வில், ஸ்மார்ட்ஃபோன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 18 வயதினரில் சொந்த ஃபோன் வைத்திருந்த ஆண்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8 சதவீதம். பெண் கையில் ஃபோன் கொடுத்தால் எவனோ ஒருவன் பேசிவிடுவான் என்று பயம். அந்த எவனோ ஒருவனும் ஏதோ ஒரு வீட்டில் ஃபோன் வாங்கிக் கொடுத்து வளர்க்கப்படும் மகன்தான்.

பணத்துக்கு வருவோம். 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய பெண் குழந்தைச் சேமிப்புத் திட்டம் நம் அஞ்சலகங்களில் செல்வமகள் சேமிப்புத் திட்டமாகப் பெயர் பெற்றது. பத்து வயதுக்குள் கணக்குத் தொடங்க வேண்டும். இருபத்தோரு ஆண்டில் முதிர்வு. இடையில் படிப்புக்குப் பாதி எடுக்கலாம். பதினெட்டுக்குப் பிறகு திருமணம் என்றால் கணக்கையே முடித்துக்கொள்ளலாம். "பையனுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டு வந்தவர்களுக்கும் அதே ஆண்டில் தமிழ்நாட்டு அஞ்சல் துறையிடம் பதில் இருந்தது: பொன்மகன் பொது வைப்பு நிதி. ஏற்கெனவே இருந்த பிபிஎஃப்தான், புதுச் சட்டை போட்டு வந்தது. அதன் விதிகளில் கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. நாம் மகளுக்குச் சேர்ப்பதும் மகனுக்குச் சேர்ப்பதும் எதற்காக என்று இந்த இரண்டு பாஸ் புத்தகங்களைப் பார்த்தாலே தெரியும். பெண் பிறந்த மாதமே நகைச்சீட்டில் சேர்கிற குடும்பம் அவளுடைய இருபத்தைந்தாவது வயதில் வரப்போகும் ஒரு செலவை அப்போதே சுமக்கத் தொடங்குகிறது. வரதட்சணைத் தடைச் சட்டத்துக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பெண்ணை வளர்ப்பது கஷ்டம் என்பதில் பெரிய பகுதி இந்தச் சீட்டு. அதை யார் கேட்கிறார்கள்? பையனைப் பெற்றவர்கள். அவன் சுலபமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு காவலும் செலவும் போட்ட பிறகு படிப்பில் என்ன நடக்கிறது? பெண்கள் முந்துகிறார்கள். பிளஸ் டூ தேர்வில் 2024இல் மாணவிகளில் 96.44 சதவீதம் தேர்ச்சி, மாணவர்களில் 92.37. ஆண்டுதோறும் இந்தச் செய்தி வருகிறது. "வழக்கம் போல் மாணவிகளே அதிகம்" என்று பத்திரிகைகளும் வழக்கம் போல் எழுதுகின்றன. காரணத்தைப் பெண்ணின் பொறுமையில் தேடுவார்கள். எனக்குச் சந்தேகம். வீட்டை விட்டு வெளியே போக அனுமதி உள்ள ஒரே இடம் பள்ளிக்கூடம் என்றால் யாரும் நன்றாகத்தான் படிப்பார்கள். பையனைப் பிடித்து உட்காரவைக்க யாரும் இல்லை. அவனைக் கட்டுப்படுத்துவது ஆண்மைக்குக் குறைச்சல் என்று அப்பாவே நினைக்கிறார். அரசாங்கம் இதைக் கொஞ்சம் தாமதமாகக் கவனித்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது; பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். பையனும் பாதியில் நின்றுவிடுகிற பிள்ளைதான் என்று அரசு ஒத்துக்கொள்ள இரண்டு ஆண்டுகள் ஆயின. வீடுகளில் பலர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவனிடம் நாம் செய்யாமல் விட்ட வேலையில் முதன்மையானது சமையலறையில் இருக்கிறது. 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஆறு வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் 81.2 சதவீதம் பேர் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தார்கள், ஆண்களில் 26.1 சதவீதம். செய்தவர்களிலும் பெண்களுக்குச் சராசரி நாளுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97. கல்யாணத்துக்கு மறுநாள் முளைத்த பழக்கமல்ல இது. எட்டு வயதில், சாப்பிட்டு முடித்து இருவரும் எழும்போது, தன் தட்டோடு தம்பியின் தட்டையும் சேர்த்து எடுக்கும் சிறுமியிடம் தொடங்குகிறது. "அவளுக்கே பிடிச்சு செய்யறா" என்பார்கள். அவளுக்குப் பிடித்தது அம்மாவின் பாராட்டு. அவனுக்கு அந்தப் பாராட்டு சும்மா உட்கார்ந்திருந்தாலே கிடைக்கிறது.

"என் பொண்ணைப் பையன் மாதிரி வளர்த்தேன்" என்று பெருமைப்படும் அப்பாக்கள் இப்போது நிறைய. அதில் அடங்குபவை கார் ஓட்டுவது, பொறியியல், வெளிநாட்டு வேலை. இரவு ஒன்பதரைக்குச் சைக்கிளில் வருவது அதில் இல்லை. தமிழ் சினிமாவும் 'அபியும் நானும்' (2008), 'தங்க மீன்கள்' (2013) என்று மகளைப் பெற்ற அப்பாவைக் கொண்டாடியது. அப்பாக்கள் மகளால் மாறுகிறார்கள் என்பதற்கு வெளிநாட்டுச் சான்றும் உண்டு. எபோன்யா வாஷிங்டன் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே எண்ணிக்கையில் பிள்ளைகள் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களில் மகள்கள் அதிகம் உள்ளவர்கள் பெண்களின் உரிமைகளுக்கு, முக்கியமாகக் கருத்தரிப்பு சார்ந்த உரிமைகளுக்கு, அதிகம் ஆதரவாக வாக்களித்தார்கள். மகளைத் தோளில் தூக்கிய நம் அப்பாக்கள் அவளுடைய காதல் விஷயத்தில் எப்படி வாக்களிக்கிறார்கள் என்று யாராவது ஆய்வு செய்தால் சுவையாக இருக்கும்.

வளர்ப்புக் கணக்கு முடியும் இடம் சார்பதிவாளர் அலுவலகம். தமிழ்நாடு 1989இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அப்போது திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்தது. 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதைக் கொடுத்தது. அந்தச் சட்டம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற சிக்கலையும் 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. நடப்பில், அப்பா காலமான சில மாதங்களில் அக்கா தங்கைகள் பிறந்த வீட்டுக்கு அழைக்கப்படுவார்கள். மதியம் நல்ல சாப்பாடு; பட்டுப் புடவை; பிறகு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து. "உனக்குத்தான் நகை போட்டோமே, சீர் செஞ்சோமே" என்பது வாதம். கையெழுத்து போட மறுத்தால் பொங்கல் சீர் நின்றுபோகும், பிள்ளைகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி கிடைக்காது. அந்த விலை தெரிந்துதான் பெரும்பாலானவர்கள் போடுகிறார்கள். பெண்ணை வளர்க்க ஆன செலவு அவளுடைய பங்கிலிருந்து இப்படிக் கழிக்கப்படுகிறது. பையனை வளர்க்க ஆன செலவை யாரும் எழுதி வைக்கவில்லை.

அதற்குப் பிறகும் மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால், கையெழுத்து போட்ட மகள் பெரும்பாலும் இருப்பாள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மகனையும் மகளையும் ஒன்றாகவே பொறுப்பாக்குகிறது. அந்தச் சட்டம் வருவதற்கு வெகு முன்பே மகள்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். "கடைசியில பார்த்துக்கிறது பொண்ணுதான்" என்ற புதுப் பேச்சு இங்கிருந்துதான் பிறந்தது. பையன் ஆசை தளர்ந்துவருவதன் அடையாளமாகச் சிலர் இதைக் கொண்டாடுகிறார்கள்.

எனக்கு அவ்வளவு நிம்மதி இல்லை. 2020இல் தமிழ்நாட்டின் கருவள விகிதம் 1.4க்கு இறங்கிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க அண்ணனும் தங்கையும் இல்லாத, ஒற்றைப் பிள்ளை வீடுகள் பெருகுகின்றன. ஒற்றை மகள் உள்ள வீட்டில் அவளே நாமினி, அவளே கொள்ளி, அவளே வீட்டுப் பத்திரம். அது வரவேற்க வேண்டியது. தத்தெடுப்பிலும் நாட்டில் பெண் குழந்தைகளே அதிகம் போகின்றன. கைவிடப்படும் குழந்தைகளில் பெண்கள் அதிகம் என்பது ஒரு காரணம். கேட்டு வருகிறவர்களில் பெண் வேண்டும் என்பவர்கள் நிறையப் பேர் என்பது இன்னொன்று. ஏன் பெண் என்று கேட்டால் பாசமா இருப்பா, அடங்கி இருப்பா, வயசான காலத்துல கைவிட மாட்டா என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் இதே எதிர்பார்ப்போடு பையனைக் கேட்டார்கள். அவன் பெங்களூருக்கோ டல்லாஸுக்கோ போய்விட்டான், யாரும் அவனைத் திட்டவில்லை. இப்போது இரண்டு வயதுக் குழந்தையின் பெயரில் முப்பது வருடம் கழித்து வரப்போகும் மாத்திரை டப்பா எழுதப்படுகிறது, அவளும் ஒரு நாள் டல்லாஸுக்குப் போக விரும்பலாம் என்பதை யாரும் கேட்காமலே.